கோரிப்பாளையத்தில் அடங்கியிருப்போர் யாவர்?

மதுரை மாநகரில் வையை ஆற்றின் வடகரையை அடுத்துள்ள பகுதி கோரிப்பாளையம் என அழைக்கப்படுகிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் இடத்திற்கு மிக அருகில் இருப்பதாலும், நகரின் வடபுறச் சாலைகள் பல வந்து கூடும் சந்திப்பாக இருப்பதாலும் இப்பெயரை அறியாத தென்மாவட்டத்தார் இரார். ஆயினும் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 'கோர்' என்பது பாரசீகச் சொல். மண்ணறை என்பது அதன் பொருள். நாம் கபுர் என்று கூறுவதையே பாரசீகர் கோர் என்பர். கபுரஸ்தான் என்பதற்கு நிகராக 'கோரிஸ்தான்' என்ற சொல்லும் அம்மொழியில் உண்டு. பாளையம் என்பதோ நம் தமிழ்ச் சொல். படை இறங்கித் தங்கிய இடத்தையும், அதனைச் சார்ந்து அமைந்த குடியிருப்பையும் குறிப்பது. ஆக, மண்ணறைகளைச் சார்ந்து எழுந்த குடியிருப்பு என்பதே கோரிப்பாளையம். ஒரு நகர்ப் பகுதியின் பெயரே அங்குள்ள அடக்கஸ்தலத்திற்கு மீஸான் கல்லாக நிற்கும் காட்சியைத் தமிழகத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

இக்கட்டுரையாளன் வசிக்கும் மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையில் உள்ள சிற்றூர். இங்கிருந்து கடையநல்லூர், இராஜபாளையம், திருமங்கலம் வழியாக மதுரை சென்று வருவது எங்கள் பக்கத்து மக்களுக்கு வழக்கமான பயணமே. சில ஆண்டுகளுக்கு முன்பு, இப்னு பதூதாவின் பயண நூலான ரிஹ்லாவில் மஃபர் நாட்டைப் பற்றிய பகுதியைப் பாடமாக நடத்தி முடித்தபின், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கோரிப்பாளையம் தர்காவிற்குச் சென்றேன். ஜியாரத் முடித்து வெளியே வந்ததும் அவர்களுள் இளையவர் ஒருவர், "ஹஜ்ரத், இவர்கள் ராஜாக்களா, அவுலியாக்களா?" என்று கேட்டார். பேருந்து நிலையம் சேரும்வரை நான் விடை கூறவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கோரிப்பாளையத்தில் அடங்கியிருப்போர் ஹஜ்ரத் சுல்தான் அலாவுத்தீன் பாதுஷா, ஹஜ்ரத் சுல்தான் ஷம்சுத்தீன் பாதுஷா ஆகிய இருவர் என்பது மக்கள் வழக்கு. மூன்றாமவராக ஹபீபுத்தீன் என்பாரையும் சேர்த்துக் கூறுவர். கண்ணுக்குப் புலனாகாமல் அடங்கியவர் என்பதால் அவருக்கு கைபி சுல்தான் என்றும் பெயர். இவர்கள் கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க்கம் பரப்ப வந்தவர்கள் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. அதே சமயம், பெயருக்கு முன் 'சுல்தான்', பின் 'பாதுஷா' என இருமுறை அரச விருது அமைந்திருப்பதை நோக்குக. இறைநேசர்களை ஆன்மிக அரசர்களாகக் கருதிப் பாதுஷா என்றழைக்கும் மரபு நம்மிடையே உண்டென்பது உண்மையே. நாகூரையும் ஏர்வாடியையும் நினைத்தாலே போதும். எனினும் அலாவுத்தீன், ஷம்சுத்தீன் என்னும் இவ்விரு பெயர்களும் மதுரையை ஆண்ட சுல்தான்களின் வரிசையில் அப்படியே காணப்படுகின்றன என்பதை வரலாற்று மாணவன் கடந்து செல்ல இயலாது.

மாலிக் காபூர் 1311இல் மதுரைக்கு வந்து மீண்டதும், அதன்பின் துக்ளக் ஆட்சியில் மஃபர் டெல்லியின் மாகாணமானதும் யாவரும் அறிந்தவை. அரபியர் நம் சோழமண்டலக் கடற்கரையை மஃபர், அதாவது கடந்து செல்லும் துறை, என்றே குறித்தனர். அம்மாகாணத்தின் ஆளுநராக அனுப்பப்பட்ட ஸையித் ஜலாலுத்தீன் அஹ்ஸன், ஹிஜ்ரி 735ஐ ஒட்டி (கி.பி. 1334-35) டெல்லியிலிருந்து பிரிந்து தம் பெயரால் நாணயம் அடித்தார். அவரை அடக்கப் புறப்பட்ட முஹம்மது பின் துக்ளக்கின் படையை வாரங்கல் பக்கத்தில் கொள்ளைநோய் தாக்கிற்று, படை திரும்பியது, மதுரை பிழைத்தது. டெல்லி அரசவையில் பணிபுரிந்த அஹ்ஸனின் மகனோ தந்தையின் கிளர்ச்சிக்குத் தம் உயிரை விலையாகத் தந்தார். அஹ்ஸன் ஷாஹ் வெளியிட்ட நாணயங்களுள் ஒன்றில், தம்மை தாஹா, யாஸீன் வழித்தோன்றல் எனவும், ஏழை எளியோரின் தந்தை எனவும் அவர் பொறித்துக்கொண்டதை நாணய ஆய்வாளர் படித்துக் காட்டியுள்ளனர். நபிகளார் வழிவந்தவர் என்ற உரிமையும் எளியோரின் காவலர் என்ற பட்டமும் ஒரு காசின் இரு பக்கங்களுக்குள் அடங்கிவிட்டன. ஐந்தாண்டுகளுக்குப் பின் தம் தளபதிகளுள் ஒருவராலேயே அவர் கொல்லப்பட்டார்.

அவருக்குப் பின் அரியணை ஏறியவர் அலாவுத்தீன் உதைஜி. ஹிஜ்ரி 740இல் (கி.பி. 1339-40) ஏறத்தாழ ஓராண்டே ஆண்டவர். அவருடைய முடிவை இப்னு பதூதா சில வரிகளில் சொல்லி முடிக்கிறார். போரில் வெற்றி கிட்டிவிட்ட நேரம். நீர் அருந்துவதற்காகத் தலைக்கவசத்தை அகற்றினார். எங்கிருந்தோ வந்த அம்பு தைத்து அங்கேயே இறந்தார். எய்தவர் யாரென அறியப்படாத அத்தகைய அம்பை அரபியில் 'ஸஹ்ம் ஃகர்ப்' என்பர். ஹதீஸ் கற்றோருக்கு இச்சொற்றொடர் புதிதன்று. பத்ருப் போரில் இளைஞர் ஹாரிஸா பின் ஸுராக்கா (ரலி) அவர்களின் உயிரைப் பறித்ததும் இப்படியொரு அம்பே. அவருடைய தாயார் நபிகளாரிடம் வந்து, தம் மகனின் நிலை என்ன என்று கேட்ட செய்தியை புகாரியில் படிக்காத மாணவர் எவர்? போர்க்களத்தில் எய்தவர் தெரியாத அம்பினால் மாய்ந்த ஒருவரைப் படைவீரர்கள் எவ்வாறு அடக்கியிருப்பர், அடுத்த தலைமுறை எப்பெயரால் நினைவுகூர்ந்திருக்கும் என்பதை ஊகிக்க இந்த ஒரு சொற்றொடர் போதும். அரசராகப் போருக்குச் சென்றவர் ஷஹீதாகத் திரும்பக் கொணரப்பட்டார். ஷஹீதின் கபுரில் ஃபாத்திஹா ஓதப்படும். ஓதப்படும் இடத்தில் விளக்கெரியும். விளக்கெரியும் இடத்தில் அரசர் மறக்கப்பட்டு இறைநேசர் நிலைபெறுவார். கோரிப்பாளையத்து அலாவுத்தீன் பாதுஷா இவரே என்று கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தென்படவில்லை.

உதைஜியின் மருமகன் குத்புத்தீன் நாற்பது நாட்களில் கொல்லப்பட, ஃகியாஸுத்தீன் தாமகானி சுல்தானானார். இவரைப் பற்றி எழுதும்போது நம்மவர் பலர் பேனாவைச் சற்றே சாய்த்துப் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். அவ்வாறு செய்வதற்கு இப்னு பதூதா நமக்கு இடம் வைக்கவில்லை. தாமகானியின் மனைவி அஹ்ஸன் ஷாஹின் மகள். இப்னு பதூதாவும் டெல்லியில் அஹ்ஸனின் இன்னொரு மகளை மணந்தவர். ஆகவே சுல்தான் அவருக்குச் சகலை. ஆயினும் சிறைப்பட்ட ஆண்களைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் தம் கண்ணால் கண்டு, அது அருவருக்கத்தக்க செயல் என்றும், வேறெந்த அரசரும் செய்து தாம் அறியாதது என்றும், அதன் காரணமாகவே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் அந்த மொராக்கோ நாட்டுக் காழி எழுதிவைத்தார். கண்ணனூர்ப் போரில் பிடிபட்ட முதிய ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் செல்வத்தையெல்லாம் பெற்றுக்கொண்டு, பின்னர் அவரைக் கொன்று, தோலுரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் அவரே கூறுகிறார். தொங்கியதைத் தாம் பார்த்ததாகவும் சேர்த்தே கூறுகிறார். சகலைக்காக உண்மையை மறைக்காத அக்காழியை நான் என் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

இப்னு பதூதா மதுரைக்குள் நுழைந்தது 1344ஐ ஒட்டிய காலம். அகன்ற தெருக்கள் கொண்ட பெருநகர் என்றும், தம் மாமனாரே அதனை முதன்முதலில் தலைநகராக்கி டெல்லியைப் போல் அமைத்தார் என்றும் எழுதுகிறார். பாண்டியரின் மதுரைக்கு முன்னரே தலைநகரப் பெருமை உண்டென்பதை அவர் அறியவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை போலும். நகருக்குள் கொள்ளைநோய். நோய் கண்டவர் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் மடிந்தனர். வெளியே சென்றால் நோயாளியை அல்லது ஜனாஸாவைத் தவிர வேறெதையும் காண இயலாதிருந்தது. நலமாக இருக்கிறாள் என்று உறுதி கூறப்பட்ட அடிமைப்பெண் ஒருத்தியை அவர் விலைக்கு வாங்க, மறுநாளே அவள் இறந்தாள்.

படையுடன் திரும்பிய சுல்தான் தம் தாயும் மனைவியும் மகனும் நோயுற்றிருக்கக் கண்டார். மூன்று நாள் நகரில் தங்கியபின், ஒரு பர்ஸக் தொலைவில், கோயில் ஒன்று இருந்த ஆற்றங்கரைக்குக் கூடாரத்தை மாற்றினார். இப்னு பதூதா அங்கு சென்று சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. கூடாரம் அடிக்கும்போதே மக்கள் ஒருவரையொருவர் முந்தி ஓடினர். சுல்தான் இறந்தார் என்றார் ஒருவர், அவர் மகன் இறந்தான் என்றார் மற்றொருவர். இறந்தது மகனே, ஒரே மகன். அடுத்த வியாழனன்று தாய் இறந்தார். மூன்றாம் வியாழனன்று சுல்தானும் இறந்தார். குழப்பம் மூளுமென அஞ்சிய இப்னு பதூதா நகருக்குள் விரைந்தார். பின்னர் மதுரையில் அவரையே கொடுங்காய்ச்சல் பீடித்தபோது, மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து பிழைத்தார். அரபியர் புளிக்கு இட்ட பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. உலகம் சுற்றியவரின் உயிரை மதுரைப் புளி காத்தது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை.

அம்மூன்று வாரங்களில் மதுரை மண்ணில் எத்தனை கபுருகள் தோண்டப்பட்டிருக்கும்! சுல்தானின் சேவகர், படைவீரர், நகரத்து நெசவாளர், குதிரைக்காரர், பெயரில்லாத அந்த அடிமைப்பெண். கோரிப்பாளையம் என்னும் பெயர் இரண்டு கபுருகளால் மட்டும் ஏற்பட்டதன்று என்பது என் கருத்து. ஆற்றுக்கு அப்பால், மதிலுக்கு வெளியே, பெருந்திரளாக மாண்டோரை அடக்கிய நிலம் என்ற நினைவும் அதில் கலந்திருக்கலாம். இதற்குக் கல்வெட்டுச் சான்று தருமாறு என்னைக் கேட்டால் தர இயலாது. நகரங்கள் தம் மையவாடிகளை மதிலுக்கு வெளியே வைப்பது உலக வழக்கம் என்பதும், ஊர்ப்பெயர் எளிதில் பொய் சொல்வதில்லை என்பதுமே என் சான்றுகள். தாமகானியின் பெயரால் மதுரையில் தர்கா ஏதுமில்லை. அவரும் அரசரே, அவரும் இங்கேயே மாண்டார். எவருக்கு விளக்கேற்ற வேண்டும் என்பதை மக்கள் தாமே முடிவு செய்திருக்கின்றனர் என்று தோன்றுகிறது.

ஷம்சுத்தீனைப் பற்றி நாணயங்களே பேசுகின்றன. தாமகானிக்குப் பின் அவருடைய சகோதரர் மகன் நாஸிருத்தீன் ஹிஜ்ரி 745இல் வருகிறார். பின்னர் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் காசே இல்லை. ஹிஜ்ரி 757 முதல் 761 வரை (கி.பி. 1356-60) ஷம்சுத்தீன் ஆதில் ஷாஹ், அவரை அடுத்து ஃபக்ருத்தீன் முபாரக் ஷாஹ், இறுதியாக ஹிஜ்ரி 779 (கி.பி. 1377-78) வரை அலாவுத்தீன் ஸிக்கந்தர் ஷாஹ் எனக் காசுகள் வரிசைப்படுத்துகின்றன. ஹுல்ட்ஷ் போன்ற கல்வெட்டறிஞர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இக்காசுகளை ஆராய்ந்திருக்காவிடில், ரிஹ்லாவுக்குப் பிந்திய மதுரை சுல்தான்களின் பெயர்களே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். குமார கம்பணர் சுல்தானைக் கொன்றதாகக் கங்காதேவியின் மதுரா விஜயம் பாடுகிறது. அப்படையெடுப்புக்குச் சில ஆண்டுகள் பின்னரும் ஸிக்கந்தரின் காசுகள் வெளிவந்துள்ளன என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும்.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம்: வரிசையில் அலாவுத்தீன் இருவர் உள்ளனரே, கோரிப்பாளையத்தில் இருப்பவர் ஸிக்கந்தராக ஏன் இருக்கக்கூடாது? ஸிக்கந்தரின் அடக்கஸ்தலம் திருப்பரங்குன்றம் மலைமீது இருப்பதாக மரபு நெடுங்காலமாகக் கூறிவருகிறது. ஆகவே உதைஜியே எஞ்சுகிறார். தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலையை அளந்து ஆராய்ந்த மெஹர்தாத் ஷொகூஹியும் கோரிப்பாளையத்தை மதுரை சுல்தான்களோடு இணைத்தே நோக்குகிறார். இருவரும் ஒரே காலத்தவர் என்னும் மக்கள் வழக்கு இம்முடிவுக்கு ஒத்துவரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உதைஜிக்கும் ஆதில் ஷாஹுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் உள்ளன. அருகருகே துயில்வோரைக் காலப்போக்கில் உடன்வந்தோராக்கிவிடுவது செவிவழிச் செய்தியின் இயல்பு.

கட்டடமும் இதையே சுட்டுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிகளில் நுழைந்தவர்கள் அவற்றின் கல் தூண்களையும், தட்டையான கற்பலகைக் கூரையையும் அறிவர். கடல் வணிகர்கள் உள்ளூர்ச் சிற்பிகளைக் கொண்டு உள்ளூர் முறையில் எழுப்பியவை அவை. குவிமாடம் அங்கு இயல்பன்று. கோரிப்பாளையத்திலோ அடக்கஸ்தலத்தின்மேல் குவிமாடம் கவிந்துள்ளது. சதுர அறையின் மேல் குவிமாடம் என்பது டெல்லியிலிருந்து தரைவழியாக வந்த அரசு மரபு. இக்குவிமாடம் அழகர்மலையிலிருந்து கொணர்ந்த ஒரே கல் என்றும், எழுபது அடி அகலமும் இருபது அடி உயரமும் உடையதென்றும் சொல்வதுண்டு. எழுபது அடிப் பாறையை எந்த வண்டி சுமந்தது, வையை மணலில் எப்படி உருண்டது என்று கேட்டால் விடையில்லை. கல்லோடு கல் இழைந்து பொருத்துவாய் தெரியாதவாறு செய்த சிற்பியின் திறமைக்கு மக்கள் அளித்த சான்றிதழாக இதனைக் கொள்வதே தகும்.

தர்காவின் தமிழ்க் கல்வெட்டு இவ்வரலாற்றின் மிக மதிப்புள்ள ஆவணம். மதுரை நாயக்கர் வீரப்பர் காலத்தில், 1573இல், தர்காவுக்குரிய ஊர்களைப் பற்றி வழக்கு எழுந்தது. கூன் பாண்டியன் காலத்தில் டெல்லி சுல்தான் பதினாலாயிரம் பொன் கொடுத்துச் சொரிக்குடி, சொக்கிகுளம், பீபிகுளம், சிறுதூர், கண்ணனேந்தல், திருப்பாலை ஆகிய ஆறு ஊர்களைப் பெற்றுத் தர்காவுக்கு விட்டது உண்மையே என்று முடிவு கூறி, சந்திர சூரியர் உள்ளவரை அது தொடருமாறு வீரப்பர் ஆணையிட்டார். இவ்வூர்களுள் சொக்கிகுளம், பீபிகுளம், கண்ணனேந்தல், திருப்பாலை ஆகியவை இன்று மதுரையின் நகர்ப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வீட்டுமனை வாங்குவோருக்கு அவ்வூர்களின் பழங்கதை தெரிய வாய்ப்பில்லை. கூன் பாண்டியன் என்ற பெயர் குழப்பம் தருவது. சைவ மரபில் ஞானசம்பந்தரால் கூன் நிமிர்ந்த நெடுமாறன் 7ஆம் நூற்றாண்டினன். அவன் காலத்தில் டெல்லி சுல்தான் என்பவரே இல்லை. பதினாறாம் நூற்றாண்டு மதுரையில் 'கூன் பாண்டியன்' என்றால் 'முன்னொரு காலத்துப் பாண்டியன்' என்ற அளவுக்கே பொருள் தேய்ந்திருக்க வேண்டும். பெயர் பிழைத்ததால் உரிமை பிழையாகாது என்று வீரப்பர் கருதினார் போலும். சுல்தான்களின் ஆட்சியை வீழ்த்திய விஜயநகரப் பேரரசின் வழியில் வந்த நாயக்கர் ஒருவர், அச்சுல்தான்கள் அடங்கிய இடத்தின் நிலவுரிமையை ஆவணம் பார்த்து உறுதிசெய்தார் என்பதை அறியாத வரலாற்று மாணவர்களை இருபுறத்திலும் கண்டு வருந்தியிருக்கிறேன்.

ஃபிக்ஹு கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைக் கூறாது செல்ல இயலாது. கபுரின்மேல் கட்டடம் எழுப்புவதை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் வெறுக்கத்தக்கதென்கின்றன. பொதுமக்கள் அடக்கத்திற்காக விடப்பட்ட நிலத்தில் எழுப்பினால் தடுக்கப்பட்டதென்றும் இடிக்கப்பட வேண்டியதென்றும் கூறுகின்றன. காரணம் எளியது: ஒருவர் மாளிகையாக்கிய இடத்தில் இன்னொருவருக்கு ஆறடி இல்லாமற் போகும். ஹனஃபி அறிஞர்களும் இதனை விரும்பியதில்லை. இச்சட்டத்தைப் பாடமாக நடத்திவிட்டு அதே மாணவர்களைக் கோரிப்பாளையம் அழைத்துச் செல்வது முரணன்றோ என்று நண்பர் ஒருவர் வினவினார். புதிதாகக் கட்டலாமா என்பது ஒரு கேள்வி. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதைப் படிக்கலாமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை தேட வகுப்பறைக்கு வெளியே போகத்தான் வேண்டும்.

எங்கள் தென்காசிக்கும் இக்கதையில் பங்குண்டு. மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கி, பிற்காலத்தில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டனர். பராக்கிரம பாண்டியன் 1446இல் இங்கு விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினான். ஆகவே உதைஜியின் அம்புக்கதையைத் தென்காசிக் கோபுரத்தின் நிழல் விழும் ஊரிலிருந்து படிப்பது எங்களுக்கு இரு தரப்பையும் நினைவூட்டும் படிப்பாகவே அமைகிறது.

மாணவரின் கேள்விக்குப் பேருந்தில் அமர்ந்தபின் விடை கூறினேன். அரசர்களாக வந்தவர்கள், அவுலியாக்களாக நிலைத்தவர்கள் என்றேன். அவர் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்படியானால் அஹ்ஸன் ஷாஹின் கபுர் எங்கே, ஹஜ்ரத்?" என்றார். மதுரையைத் தலைநகராக்கியவருக்கு மதுரையில் சுட்டத்தக்க கபுர் இல்லை. இப்னு பதூதா மணந்த அவருடைய மகள் ஹூர்நஸப் பற்றி ரிஹ்லாவில் ஒரு சிறு குறிப்பு மட்டும் உண்டு. இரவில் நின்று வணங்கும் நற்பெண்மணி என்றும், படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும், தமக்கு ஒரு மகளைப் பெற்றுத் தந்தார் என்றும், அவ்விருவரையும் அல்லாஹ் என்ன செய்தான் என்று தமக்குத் தெரியாது என்றும் கணவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை எடுத்து மாணவரிடம் கொடுத்தேன். திருமங்கலம் தாண்டும்வரை அவர் அதையே படித்துக்கொண்டிருந்தார்.